ஊருக்கு ஒரு மருந்து, ஆளுக்கு ஓர் அளவு

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் சாலையில், பாலாற்றுப் பாலத்தை அடைவதற்குச் சற்று முன்னர் வருவது செவிலிமேடு. இராமானுசர் வரதராசப் பெருமாளுக்காக நாள்தோறும் நீர் எடுத்துச் சென்றதாக வைணவ மரபு கூறும் சாலைக் கிணறு இவ்வூரில் இருக்கிறது. வழிபட வருவோருக்கு இது கிணற்றூர், எங்களுக்கோ தறியூர். 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனிப் பேரூராட்சியாக இருந்தது. பழந்தமிழ் அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்தவள். அவள் முகவாட்டத்தைப் பெற்ற தாய்க்கும் முன்னரே கண்டுகொள்பவள். இன்றைய மருத்துவமனைத் தமிழில் செவிலியர் என்ற சொல்லுக்கு உள்ள பொருளை நாம் அறிவோம். ஊர்ப்பெயருக்கும் இவ்விரண்டுக்கும் உறவு உண்டா என்ற ஆராய்ச்சிக்குள் நான் இறங்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையை மட்டும் உற்று நோக்கும் அந்தச் செவிலித்தாய், இக்கட்டுரையை எழுதும்போது பலமுறை என் நினைவில் வந்து நின்றாள்.

என் பெரியப்பா குழித்தறியில் பட்டு நெய்தவர். கோர்வைப் புடவையில் உடலையும் கரையையும் பிசிறில்லாமல் இணைப்பதில் கைதேர்ந்தவர் என்று பெயர். 1970களின் நடுவில் அவருக்கு இருமலில் இரத்தம் கண்டது. அரசு மருத்துவமனை ஒன்றில் காசநோய் என்றார்கள். ஐசோநியாசிட்டும் தயாசிட்டசோனும் சேர்ந்த மாத்திரையை ஓராண்டுக்கு மேல் விழுங்க வேண்டும் என்றார்கள். மூன்று மாதத்தில் இருமல் நின்றது. உடம்பில் சதை பிடித்தது. நலமாகிவிட்டவர் எதற்கு மருந்து தின்ன வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றியது, பெரியப்பாவுக்கும் தோன்றியது. மறு ஆண்டு நோய் திரும்பியது. இம்முறை தனியார் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் ஊசி போட்டார். சில வாரங்கள் கழித்து மாத்திரையை மாற்றினார். பிறகு வேறொன்றைச் சேர்த்தார். ஒரு தறி விற்கப்பட்டது. எதிர்வீட்டில் அதே நோய் கண்டவர், அதே மாத்திரையை உண்டு எழுந்து நடமாடினார். 1979இல் பெரியப்பா இறந்தார்.

எதிர்வீட்டாரைக் காத்த மருந்து இவரை ஏன் காக்கவில்லை? இந்தக் கேள்விக்கு அன்றே ஏறத்தாழ முழு விடையும் தெரிந்திருந்த ஓரிடம், எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பயணத்தில் இருந்தது என்பதை நான் மிகப் பின்னரே அறிந்தேன். சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையமே அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடித் தொடங்கியது. இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று வழங்குகிறது.

கதையைச் சற்றுப் பின்னிருந்து தொடங்க வேண்டும். 1943இல் அமெரிக்காவில் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் பிரித்தெடுக்கப்பட்டது. காசநோய்க் கிருமியை வென்ற முதல் மருந்து அதுதான். பிரித்தானியாவுக்குக் கிடைத்த மருந்து மிகக் குறைவு. கேட்டவர் அனைவருக்கும் கொடுக்க இயலாது. எனவே 1946 முதல் 1948 வரை நடந்த ஆய்வில், 107 நோயாளர்கள் சீட்டுக் குலுக்கல் போன்றதொரு முறையில் பிரிக்கப்பட்டனர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றோரில் 4 பேரும் பெறாதோரில் 14 பேரும் இறந்திருந்தனர். உலகம் மகிழ்ந்தது. ஆனால் அந்த 55 பேரின் சளியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தவர்களுக்கு மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பெரும்பாலோரிடம் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறியிருந்தது. ஐந்தாண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்திருந்தனர். பெறாத 52 பேரில் 35 பேர். இரு தொகைகளுக்கும் இடையே அதிக தூரமில்லை.

இதன் காரணம் ஒரு கணக்கு. நோய் முற்றி நுரையீரலில் குழி விழுந்தவரிடம் ஒரு குழியில் மட்டுமே பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும். அவற்றில் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒன்று, எந்த மருந்தையும் காணாமலே, ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காத இயல்போடு பிறந்திருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை மடியும். அந்த நூறு மட்டும் பிழைத்துப் பெருகும். நோயாளருக்கு முதலில் நலம் தெரியும், பின்னர் நோய் திரும்பும், இரண்டாம் முறை வரும் நோய்க்கு அந்த மருந்து பயன்படாது. இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தாலோ, இரண்டுக்கும் ஒருங்கே அடங்காத கிருமி பத்து இலட்சத்தைப் பத்து இலட்சத்தால் பெருக்கிய தொகையில் ஒன்றாகவே இருக்கும். ஒரு மனித உடலில் அது கிடைப்பது அரிது. எனவே பாஸ் என்ற மருந்து ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்க்கப்பட்டது. 1952இல் ஐசோநியாசிட் வந்தது. விலை மலிவு, ஆற்றல் மிகுதி. கூட்டு மருந்து என்ற கொள்கை அன்று முதல் காசநோய் மருத்துவத்தின் அடிக்கல்லாயிற்று. கூட்டு மருந்தை இடையில் நிறுத்தியும், பின்னர் ஒவ்வொன்றாக மாற்றியும் உண்ட பெரியப்பாவின் மருத்துவம், 1948ஆம் ஆண்டின் பாடத்துக்கு நேர் எதிரானது.

அந்த ஐந்தாண்டுச் சாவுக் கணக்கை எடுத்து 1954இல் வெளியிட்டவர்களுள் ஒருவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர். 1956இல் சென்னை மையத்தின் தலைமைப் பொறுப்பேற்று வந்தவரும் அவரே. மருந்து தோற்பதைக் கண்ணால் கண்டவர் என்பதால், நல்ல மருந்து கையில் இருந்தால் போதும் என்று அவர் ஒருபோதும் நம்பவில்லை.

அன்றைய சென்னையில் கேள்வி வேறு வடிவில் இருந்தது. காசநோயாளர் நாட்டில் இலட்சக்கணக்கில். மருத்துவமனைப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். காற்றோட்டமான தோப்பு நடுவே சானடோரியம், முழு ஓய்வு, பால், முட்டை என்பதே மேலைநாட்டு வழக்கம். தாம்பரத்தை அடுத்த இரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் அச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் உறங்கும் குடிசையில் வாழ்பவருக்கு, அக்குடிசையிலேயே மருத்துவம் செய்ய முடியுமா? சென்னையின் ஏழை நோயாளர் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வீட்டில், மறு பிரிவினர் சானடோரியத்தில். இருவருக்கும் ஐசோநியாசிட், பாஸ் ஆகிய அதே இரு மருந்துகள், ஓராண்டு. 1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் கிருமி நீங்கி அமைந்தனர். சானடோரியத்தார் உண்ட உணவு மேலானது. அவர்கள் எடையும் கூடினர். இருப்பினும் அந்த மேன்மை நோய் தீர்வதில் பெரிதாகத் தெரியவில்லை. வீட்டிலிருந்தவர்களின் மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இவ்வாய்வு ஒரு பெருங்காரணம் என்பர். மருத்துவ வரலாற்று நூல்கள் இதைச் சொல்லிவிட்டு அடுத்த இயலுக்குப் போய்விடும். எனக்கோ அதே மையத்தில் நடந்த, அதிகம் பேசப்படாத வேறொரு பணி இதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

பாஸ் என்பது நாளொன்றுக்குப் பத்துக் கிராம் அளவில் விழுங்க வேண்டிய மருந்து. வயிற்றைப் புரட்டும், விலையும் அதிகம். அது இல்லாமல் ஐசோநியாசிட்டை மட்டும் கொடுத்து ஏழை நாடு தப்ப முடியுமா என்று பார்க்க ஓர் ஆய்வு நடந்தது, 1960இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு இரு மருந்துகளும். மற்ற மூன்று பிரிவினருக்கு ஐசோநியாசிட் மட்டும், வெவ்வேறு அளவில். கூட்டு மருந்தே வென்றது, அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது ஒன்று நடந்தது. 400 மில்லிகிராமை நாளில் இருவேளையாகப் பிரித்து உண்டவர்களைவிட, அதே 400 மில்லிகிராமை ஒரே வேளையில் உண்டவர்கள் நன்கு தேறினர். இரத்தத்தில் மருந்து நாள் முழுதும் ஒரே மட்டத்தில் நிற்பதைவிட, ஒருமுறை உச்சிக்கு ஏறுவதே கிருமிக்குப் பேரிடி என்று இது காட்டியது. அப்படியானால் அந்த உச்சி எல்லோருடைய இரத்தத்திலும் ஒன்றுதானா?

இல்லை. ஐசோநியாசிட்டை நம் கல்லீரல் வேதிமாற்றம் செய்து செயலிழக்க வைக்கிறது. சிலர் உடலில் இது விரைந்து நடக்கிறது. சிலரிடம் மெல்ல நடக்கிறது. இது பிறப்பிலேயே வரும் வேறுபாடு. தாய் தந்தையரிடமிருந்து கண்ணின் நிறம் வருவதுபோல வருகிறது. சப்பானியரிடையே விரைந்து செரிப்பவரே மிகப் பலர். தென்னிந்தியரிடையே ஏறத்தாழப் பத்தில் ஆறு பேர் மெல்லச் செரிப்பவர். சென்னை மையத்தில் செல்கான், கங்காதரம், தேவதத்தா, வேலு, இராமகிருஷ்ணன் முதலானோர் இதை நோயாளர் ஒவ்வொருவரின் இரத்தத்திலும் அளந்தனர். குறித்த அளவு மருந்தைக் கொடுத்துச் சில மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து, எஞ்சியிருக்கும் மருந்தைக் கணக்கிட்டனர்.

அந்த அளவீட்டை நோய் தீர்ந்த கணக்கோடு ஒப்பிட்டு 1960களின் தொடக்கத்தில் அவர்கள் எழுதியவை வியப்புக்குரியவை. ஐசோநியாசிட்டை மட்டும் உண்டவர்களில், மெல்லச் செரிப்பவர்கள் விரைந்து செரிப்பவர்களைவிட அதிக எண்ணிக்கையில் குணமடைந்தனர். ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே ஊர்; பிழைப்பதும் பிழைக்காததும் ஓரளவு கல்லீரலின் வேகத்தைப் பொறுத்திருந்தது. அதே வேளையில், மெல்லச் செரிப்பவர்களுக்கு அதிக அளவு மருந்து நரம்புகளைத் தாக்கியது. கை கால் மரத்து எரிந்தது. ஆக, ஒருவருக்குப் போதாத அளவே மற்றவருக்குத் தீங்கான அளவாக இருந்தது. வைட்டமின் பி வகையைச் சேர்ந்த பிரிடாக்சின் ஆறு மில்லிகிராம் சேர்த்தால் அந்த நரம்புத் தீங்கைத் தடுக்கலாம் என்று காட்டியதும் இதே மையமே.

இந்த இடத்தில் நின்று சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நோயாளரின் உடலையும் அளந்து அவருக்கேற்ற மருந்தைக் கொடுப்பது இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமை என்று இன்று பேசுகிறோம். சேத்துப்பட்டில் அதற்கான அறிவு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே கையில் இருந்தது. அவர்கள் அதைக் கொண்டு என்ன செய்தார்கள்? ஒவ்வொருவர் இரத்தத்தையும் அளந்து அளவு குறிக்கும்படி நாட்டின் மருத்துவமனைகளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது வீண் சொல்லாகியிருக்கும்; வட்டத் தலைநகர் மருத்துவமனைகளில் சளியை நுண்ணோக்கியில் பார்க்கவே ஆளில்லாத காலம். அவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். ஐசோநியாசிட்டோடு பாஸ் சேர்ந்தபோது விரைவுக்காரருக்கும் மெதுவுக்காரருக்கும் இடையே இருந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. எனவே, உடல்களின் வேற்றுமை பொருட்படாத ஒரு கூட்டைத் தேடுவோம் என்று முடிவு செய்தார்கள். அறியாமையால் எல்லோருக்கும் ஒன்றையே கொடுப்பது வேறு. வேற்றுமையை அளந்து அறிந்த பின், அது தீங்கு செய்யாதபடி ஒன்றை அமைத்துக் கொடுப்பது வேறு. சென்னை செய்தது இரண்டாவது. எல்லா உடலுக்கும் பொருந்தும்படி நீளமும் அகலமும் விட்டு நெய்யும் வேட்டி போன்றது அது என்று எங்கள் ஊரார் சொல்லக்கூடும்.

இன்னொரு வேற்றுமையும் அவர்களைத் துரத்தியது: மருந்தை உண்பவர், உண்ணாதவர். மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பாஸ் உண்டவரின் சிறுநீரில் இரும்புக் கலவை ஒன்றை விட்டால் நிறம் மாறும். உண்டேன் என்று உறுதி கூறியவர்களில் பலர் உண்ணவில்லை என்பது வெளிப்பட்டது. 1958இலேயே ஃபாக்ஸ் இதைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதினார். படித்தவர், படிக்காதவர், பணக்காரர், ஏழை என்ற வேறுபாடு இதில் இல்லை. மருந்தை நாள்தோறும் தானே உண்பது மனித இயல்புக்கு அரிது என்பதே அவர் கண்டது. எங்கள் பெரியப்பாவைப் பொறுப்பில்லாதவர் என்று இறந்த பின்னும் திட்டிய உறவினர்கள் இதைப் படித்திருக்கலாம்.

இதிலிருந்து பிறந்ததே, வாரம் இருமுறை பணியாளர் கண்முன் மருந்து கொடுக்கும் முறை. ஒருவேளை உச்சியே போதும் என்ற பழைய கண்டுபிடிப்பு அதற்குத் துணை நின்றது. வாரம் ஒருமுறையாகவும் குறைத்துப் பார்த்தார்கள். அங்கே கல்லீரல் மீண்டும் தலைகாட்டியது; விரைந்து செரிப்பவர்கள் பின்தங்கினர். அவர்களுக்காக மெல்லக் கரையும் ஐசோநியாசிட்டை உருவாக்கவும் முயன்றனர். அது பரவலான வழக்கத்துக்கு வரவில்லை. பின்னர் ரிஃபாம்பிசின் வந்தது; ஆறு மாதத்தில் நோய் தீர்க்கும் குறுகிய கால மருத்துவம் 1970களிலும் 1980களிலும் உருவாயிற்று. வலிமை மிக்க மருந்துகள் நாலைந்து சேர்ந்தபின், ஆளுக்கு ஆள் உள்ள வேற்றுமையை எவரும் எண்ணத் தேவையில்லை என்றே தோன்றியது. 1993இல் உலக நலவாழ்வு நிறுவனம் காசநோயை உலக நெருக்கடியாக அறிவித்தது. இந்தியாவில் 1997இல் விரிவாக்கத் தொடங்கி 2006இல் நாடு முழுதும் பரவிய திட்டம், வாரம் மும்முறை, பார்வையில் கொடுக்கும் மருந்து என்பதாக அமைந்தது. ஒவ்வொரு நோயாளருக்கும் அவர் பெயர் எழுதிய முழு மருந்துப் பெட்டி. இலட்சக்கணக்கான உயிர்களை அது காத்தது. இதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆயினும் அந்தத் திட்டத்துக்குள் ஒரு பெருங்குறை இருந்தது. நோய் திரும்பியவர்களுக்கு, பழைய மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஒன்றை மட்டும் சேர்த்து எட்டு மாதம் கொடுத்தார்கள். அவரிடம் உள்ள கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று பெரும்பாலும் சோதிக்கவில்லை. பழைய மருந்துகள் ஏற்கெனவே பயனற்றுப் போயிருந்தால், அவர் பெறுவது உண்மையில் தனி ஸ்ட்ரெப்டோமைசின்; அதாவது 1946ஆம் ஆண்டின் மருத்துவம். உலக நலவாழ்வு நிறுவனம் இம்முறையைக் கைவிடும்படி கூறியது 2017இல்தான். வேட்டி எல்லா உடலுக்கும் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் சென்னை மையத்தார் வகுத்த கூட்டு, மருந்துக்கு அடங்கும் கிருமி என்ற நிபந்தனையின் மேல் நின்றது. கிருமி மாறியபின்னும் கூட்டை மாற்றாமல் இருந்ததே பிழை.

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு பிழை வளர்ந்துகொண்டிருந்தது. 1991இல் மும்பையின் தாராவியில் தனியார் மருத்துவர்கள் 100 பேரிடம், காசநோய்க்கு எழுதும் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கினார்கள். அந்த நூறு பேர் எண்பது வெவ்வேறு கூட்டுகளை எழுதியிருந்தனர். பல ஆண்டுகள் கழித்து அதே பகுதியில் மறுமுறை கேட்டு 2010இல் வெளியிட்டபோது, 106 மருத்துவர்களில் பன்மருந்துக்கு அடங்காத காசநோய்க்குச் சரியான சீட்டு எழுதியவர் 3 பேர். ஆளுக்கேற்ற மருந்து என்று இதையும் ஒருவர் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இது அளவெடுக்காத தையற்காரன் ஆளுக்கொரு விதமாக வெட்டிய துணி. என் பெரியப்பாவுக்குக் கிடைத்தது இவ்வகை மருத்துவம் என்பதை எண்ணும்போது, அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவரிடமும் அளவுகோல் இல்லை. மருந்துக் கடைகளில் சீட்டின்றிக் காசநோய் மருந்து விற்பதைத் தடுக்கவும், விற்றதைப் பதிவேட்டில் எழுதிவைக்கவும் சட்டத்தில் தனி அட்டவணை வந்ததே 2014இல்தான்.

கிருமி எந்த அளவுக்கு மாறிவிட்டது என்பதை 2014 முதல் 2016 வரை நடந்த தேசிய ஆய்வு காட்டியது. ஏறத்தாழ 5,000 நோயாளரிடம் சோதித்ததில் 28 விழுக்காட்டினரின் கிருமி ஏதேனும் ஒரு மருந்துக்கு அடங்கவில்லை. ஐசோநியாசிட்டுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் ஒருங்கே அடங்காத நோய், புதிய நோயாளரில் 2.84 விழுக்காடு, முன்பு மருந்துண்டவர்களில் 11.62 விழுக்காடு. இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் எத்தனை பாதியில் நின்ற மருத்துவங்கள் அடங்கியிருக்கின்றன!

இப்போது அளவுகோல் வந்திருக்கிறது. 2010இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்ற மரபணுச் சோதனைக் கருவி, சளியில் காசநோய்க் கிருமி உண்டா, அது ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பதை இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. நம் நாட்டில் உருவான ட்ரூநாட் என்ற சிறு கருவிக்கு 2020இல் அந்நிறுவனத்தின் ஏற்பு கிடைத்தது. வேறொரு சோதனை ஐசோநியாசிட்டை எதிர்க்கும் கிருமியின் மரபணுவில் மாற்றம் எங்கே நிகழ்ந்துள்ளது என்று காட்டும். ஓரிடத்தில் மாறியிருந்தால் எதிர்ப்பு கடுமையானது, ஐசோநியாசிட்டை மறந்துவிடலாம். வேறோர் இடத்தில் மாறியிருந்தால் எதிர்ப்பு இலேசானது. அளவை உயர்த்திக் கொடுத்தால் அதே மருந்து இன்னும் பயன்படக்கூடும். மருந்துகளின் உச்சியைப் பற்றிச் சேத்துப்பட்டில் எழுந்த பழைய கேள்வி, இப்போது கிருமியின் பக்கத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது. கல்லீரலின் பக்கத்திலும் வேலை நிற்கவில்லை. சப்பானில் நோயாளரின் மரபணுவைப் பார்த்து, விரைவுக்காரருக்குக் கூட்டியும் மெதுவுக்காரருக்குக் குறைத்தும் ஐசோநியாசிட் கொடுத்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. விரைவுக்காரரிடம் மருத்துவம் தோற்பதும் மெதுவுக்காரரிடம் கல்லீரல் கெடுவதும் குறைந்தன. அது இன்னும் அன்றாட வழக்கமாகவில்லை.

வாரம் மும்முறை மருந்து என்ற வழக்கமும் மாறிற்று. எச்.ஐ.வி. தொற்றும் காசநோயும் ஒருங்கே உடையவர்களிடம் நாள்தோறும் கொடுப்பதே ரிஃபாம்பிசின் எதிர்ப்பு தோன்றாமல் காக்கிறது என்று காட்டியவர்கள், அந்த இடைவிட்ட முறைக்குப் பிறப்பளித்த அதே சென்னை நிறுவனத்தாரே. 2017இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது; நாடு நாள்தோறும் மருந்து என்பதற்கு மாறியது. இப்போது எடைக்கேற்ப மாத்திரைகளின் எண்ணிக்கை கூடும், குறையும். தன் முன்னோர் கட்டியதைத் தானே சோதித்து, அது போதாதென்று வெளியே சொன்ன அந்நிறுவனத்தை நினைக்கும்போது மதிப்பு கூடுகிறது.

1959ஆம் ஆண்டின் முடிவுக்கும் இதே சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தில், ஒரு துணைக்குறிப்பு எழுதப்பட்டது. வீட்டில் இருந்தபடி பெரும்பாலோர் தேறுவர் என்றது அம்முடிவு. அது உண்மை. ஆனால் எல்லோரும் தேறுவதில்லை. இறப்பவர்களில் பெரும்பகுதியினர் மருத்துவம் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இறக்கிறார்கள். நல்ல மருந்து வீட்டுக்கு வந்திருந்தும் அதைத் தாங்கும் உடல் அவர்களிடம் இல்லை. அவர்கள் யார் என்று முதல் நாளே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்த்து உணவும் உயிர்வளியும் கொடுத்தால் காக்கலாம் என்ற எண்ணத்தோடு, 2022 ஏப்ரலில் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவம் பெறும் வயதுவந்த நோயாளர்களுக்கானது அது. வீடு போதுமா என்று 1950களில் எல்லோரையும் பற்றிக் கேட்டார்கள். இப்போது அதே கேள்வியை ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்.

இதற்கு ஆய்வுக்கூடமோ மரபணுக் கருவியோ தேவையில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் ஒரு செவிலியர் சில நிமிடங்களில் பார்த்துவிடக்கூடியவை. எடையையும் உயரத்தையும் அளந்து உடல் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கணக்கிட வேண்டும். பாதங்களில் வீக்கம் உண்டா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ண வேண்டும். விரலில் கருவியை மாட்டி இரத்தத்தில் உயிர்வளியின் அளவைக் காண வேண்டும். பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்க வேண்டும்.

பெரியப்பாவின் கடைசி ஆண்டில் நான் பள்ளி மாணவன். தறிக்குழியிலிருந்து அவரை இருவர் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். பாவில் அறுந்த இழையை முடிந்துவிட்டு மேலே வரும்போது மூச்சு வாங்கும் ஒலி தெருவரை கேட்கும். பாதம் வீங்கியிருந்ததால் செருப்பு அணிவதை அப்போதே விட்டுவிட்டார்.